டிரில் மாஸ்டரின் பொருத்தனை

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி. எனக்குக் காத்து ஆகாது, காதுக்குள்ள போயி விசில் அடிக்கும். வேலையில இருந்த காலம் பூரா நான் விசில் அடிச்சாச்சு, இனி காத்து வேற அடிக்கணுமா. ஆமா, டிரில் மாஸ்டர்தான். நாசரேத் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஓரம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஞானாபரணம் சார்னா அந்தப் பக்கம் கழுதை கூட நிமிந்து நிக்கும். இப்ப ரிட்டயர் ஆயாச்சு.

இந்த அட்டைப்பெட்டி காலை இடிக்குதா? கொஞ்சம் தள்ளி வைக்கேன். உள்ள ரொட்டிதான். பன்னு, ரஸ்க்கு, சீரகம் போட்ட பிஸ்கட்டு. ஒண்ணு எடுத்துக்கிடுங்க. கூச்சப்படாதீங்க, விலைக்கு வாங்கினதில்ல, எம் மவன் கடையில போட்டது. எப்படி இருக்கு? பாத்தியளா.

முன்னால நீலச் சேலை கட்டி, கம்பியில தலையைச் சாச்சு ஒரு அம்மா தூங்குதாங்கல்லா, அதான் எங்க வீட்டம்மா, லில்லிபுஷ்பம். பஸ்ஸுல பின்னால உக்காந்தா அவளுக்குக் குமட்டும். ரெண்டு பேரும் ஓசூர்ல மவன் வீட்டுலருந்து வாரோம். மவன் வீடுன்னு நான் இப்படி லேசாச் சொல்லிட்டேன். இந்தச் சொல்லு என் வாயில ஒன்பது வருஷமா வரல தம்பி. அது ஒரு கதை. திண்டுக்கல் வர நேரம் இருக்கு, சொல்லட்டா?

எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளா பிள்ளை இல்ல. பிறகு உண்டாச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில அவ உள்ள வலியில கெடக்கா. நான் வெராந்தாவுல நிக்கேன். டாக்டரம்மா முகம் சரியில்ல. அப்ப நான் முழங்கால்ல நின்னு ஒரு பொருத்தனை பண்ணினேன். உங்க பக்கம் நேந்துக்கிடுததுன்னு சொல்லுவாங்கல்லா, அதேதான். ஆண்டவரே, இதை ஆம்பளப் பிள்ளையாத் தந்து தாயையும் காப்பாத்துனா, பிள்ளையை உமக்கே கொடுத்திருதேன், ஊழியத்துக்கு, பாதிரியாருக்குப் படிக்க வைக்கேன்னு. அரை மணி நேரத்துல குவா குவான்னு சத்தம். பைபிள்ல இந்த மாதிரி நேந்து பெத்த பிள்ளைக்கு சாமுவேல்னு பேரு. நானும் அதையே வச்சேன். லில்லிகிட்ட ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்குச் சொன்னேன், பிள்ளை நமக்கில்ல, கோயிலுக்குன்னு. அவ ஒண்ணும் சொல்லல. சந்தோஷத்துல சில ஆளுக்கு வாய் அடைச்சுப் போகும்.

பையன் நல்ல பையன். சொன்னா சொன்னபடி. ஆனா எப்பப் பாத்தாலும் அடுக்களையில தாய் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். மாவு பிசையுத இடத்துல உக்காந்துக்கிடுவான். நான் விசில் அடிச்சு வெளிய கூப்பிட்டு, பைபிள்ல உள்ள சங்கீதம் மனப்பாடம் பண்ணுலேன்னு நிறுத்துவேன். பண்ணிருவான். பிறகு திரும்ப அடுக்களைதான். காலேஜ் முடிச்சதும் பாதிரியாருக்குப் படிக்குத செமினரில சேத்தேன். ஊரே வழியனுப்ப வந்துது. வெள்ளை அங்கி தைக்குத அளவுக்கு நான் துணி கூடப் பாத்து வச்சாச்சு.

ரெண்டாம் வருஷம் நடுவுல ஒரு நாள் மத்தியானம் டிரங்குப் பொட்டியோட வந்து வாசல்ல நிக்கான். லீவாலேன்னு கேட்டேன். இல்லப்பா, விட்டுட்டேன்னான். ஹாஸ்டல் மெஸ்ல சமையல்காரரு ஊருக்குப் போயிருந்தப்ப இவன் போயி ரொட்டி சுட்டானாம். அன்னைக்குத்தான் அங்க போனதுலருந்து முதல் தடவையா மனசு நெறஞ்சு இருந்துதாம். பேக்கரி வேலை படிக்கப் போறேங்கான். எங்கிட்ட. கோயில்ல மொத பெஞ்சுல உக்காருத எங்கிட்ட.

நான் கத்தல தம்பி. கத்துவேன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. அமைதியாச் சொன்னேன். பலிபீடத்துல வச்ச பொருளை நான் திரும்ப எடுக்க மாட்டேன். அங்கியோட வா, இல்லன்னா வராதேன்னு சொல்லிட்டேன். அவன் தாயைப் பாத்தான். அவ அடுப்புல ஏதோ தீயுதுன்னு உள்ள போயிட்டா. அவன் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். அன்னையிலருந்து ஊருக்கே உத்தரவு போட்டேன். அவன் எங்க இருக்கான், என்ன செய்யுதான்னு எங்கிட்ட யாரும் பேசப்பிடாது. பேசல. பின்ன, டிரில் மாஸ்டர் சொல்லுக்கு மறுசொல்லு உண்டா?

கல்யாணத்துக்கு ஆள் மூலமாச் சொல்லிவிட்டான். நான் போகல. லில்லியும் போகல, அவ அந்த வாரம் பாத்து தங்கச்சிக்கு மேலுக்குச் சொகமில்லன்னு மதுரைக்குப் போயிருந்தா. பேத்தி பொறந்ததை மீன்கடையில வச்சு ஒருத்தர் சொன்னாரு. கேக்காத மாதிரி மீனைப் பாத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு வாங்கின மீனு பூரா முள்ளு.

வீடு எப்படி இருந்துதுன்னு கேளுங்க. கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கட்ட மாட்டேன். அவன்தான் ஏணியில ஏறிக் கட்டுவான், அதனால. சாப்பிடும்போது மூணாவது தட்டு அலமாரியில சும்மா இருக்கும். நான் அதைப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிடுவேன். ஆனா லில்லி சமாளிச்சா. அவளுக்குப் பக்தி அதிகம். கோயில்ல பெண்கள் ஐக்கிய சங்கத்துல சேந்து, வருஷத்துக்கு ரெண்டு தடவை பெங்களூர்ப் பக்கம் தியானக் கூட்டத்துக்குப் போயிருவா. போகும்போது முகம் வாடி இருக்கும், வரும்போது தெளிஞ்சிருக்கும். ஜெபத்துக்கு அவ்வளவு வல்லமை. ஒரு வருஷம் ஒரு மாசம் நடந்துது கூட்டம். என்னடி ஒரு மாசம்னு கேட்டேன். உபவாசக் கூட்டம்னா. உபவாசம் இருந்தவ கொஞ்சம் சதை போட்டு வந்தா, அதுதான் கர்த்தருடைய அதிசயம். அங்க போயிட்டு வந்தா பை நெறய ரொட்டியும் பிஸ்கட்டும் கொண்டாருவா. கூட்டத்துல கொடுத்தாங்கன்னு சொல்லுவா. நம்ம பக்கம் அந்த ருசி கெடையாது. நான் காப்பியில முக்கித் தின்னுக்கிட்டே, எம் மவன் எங்கயோ ரொட்டி சுடுதானே, இந்த மாதிரி ஒண்ணு அவனால சுட முடியுமான்னு கேப்பேன். அவ இன்னும் ரெண்டு எடுத்து வைப்பா.

சரி, கதைக்கு வாரேன். எங்க கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. வருஷப் பிறப்பு அன்னைக்குக் காலையில ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டுல சின்னச் சின்ன அட்டையாப் போட்டு வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு பைபிள் வசனம், ஆண்டவர் கொடுத்த வாக்குத்தத்தம். கண்ணை மூடி ஒண்ணு எடுக்கணும். அந்த வருஷத்துக்கு அது உங்களுக்கு. எனக்கு வருஷா வருஷம் சரியா வராது பாத்துக்கிடுங்க. ஒரு வருஷம் அமைதியா இருங்கன்னு வந்துது. இன்னொரு வருஷம் பொறுமையா இருங்கன்னு வந்துது. அது பக்கத்து பெஞ்சு ஆளுக்கு வரவேண்டியது, தட்டு மாறி என் கையில சிக்கிருக்கும்.

இந்த வருஷம் எடுத்துப் பாக்கேன், யோவேல் தீர்க்கதரிசி. வெட்டுக்கிளி தின்னு தீத்த வருஷங்களோட விளைச்சலை உங்களுக்குத் திரும்பத் தருவேன்னு இருக்கு. அந்தக் காலத்துல அந்த ஊர்ல பயிரையெல்லாம் வெட்டுக்கிளி மொட்டையடிச்சுப் போட்டுது. சனங்க அழுதுக்கிட்டு நிக்கும்போது ஆண்டவர் சொன்ன வார்த்தை அது. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிட்டு. என் ஒன்பது வருஷமும் கண்ணுக்கு முன்னால நிக்கி. ஆண்டவரே, இப்பத்தான் சரியான அட்டையைக் கையில கொடுத்திருக்கீருன்னு சொன்னேன்.

அர்த்தம் எனக்குத் தெளிவா இருந்துது. பையன் மனந்திரும்பி வருவான். செமினரில சேருவான். அங்கி போடுவான். இருந்தாலும் ஐயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு போனேன். எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுதது. சின்ன வயசுக்காரரு. அட்டையை வாங்கிப் பாத்துட்டு, சார், இதுக்குக் கொஞ்சம் மேல ஒரு வசனம் இருக்கு, அதையும் படிச்சியளான்னு கேட்டாரு. அதுல, திரும்பி வாங்க, சட்டையைக் கிழிச்சு அழுறதை விட்டுட்டு மனசைக் கிழிச்சுக்கிட்டு வாங்கன்னு இருக்காம். திரும்பி வாறவங்களுக்குத்தான் திரும்பக் கிடைக்கும் சார்னாரு. நானும் அதைத்தான் ஐயரே சொல்லுதேன், அவன்தான் திரும்பி வரணும், நான் நின்ன இடத்தை விட்டு ஒரு அடி அசையலயேன்னு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரிப் பாத்துட்டு, டீ சாப்பிடுதியளா சார்னு கேட்டாரு. அனுபவம் பத்தாது அவருக்கு.

அன்னையிலருந்து காத்திருந்தேன். காத்திருந்தேன்னா சும்மா இல்ல, தயாரா இருந்தேன். வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சேன். அவன் வந்து மன்னிப்புக் கேக்கும்போது நான் சொல்ல வேண்டியதை ஒத்திகை பாத்து வச்சேன். தபால்காரரு மணி அடிச்சா எந்திரிப்பேன். ஜனவரி போச்சு, பிப்ரவரி போச்சு. ஒரு தடவை, காணாமப் போன எங்க கருப்புக் கோழி திரும்பி வந்துட்டு. காலையில எந்திரிச்சுப் பாத்தா கூட்டுக்குள்ள நிக்கி. லில்லி, ஆரம்பிச்சுட்டாரு பாத்தியா, மொதல்ல கோழியைத் திரும்பத் தந்திருக்காருன்னேன். அவ, ஆமா, கீழத்தெரு வரைக்கும் போயி எம் புடவையில சுத்தித் தந்தாருன்னு முணுமுணுத்துக்கிட்டே போனா. அவளுக்கு அப்பப்ப ஒரு மாதிரிப் பேச்சு வரும்.

மே மாசம் அவ, ஓசூர்ல தியானக் கூட்டம், மூட்டு வலிக்கு, பையைத் தூக்க முடியல, இந்தத் தடவை நீங்களும் வாங்கன்னா. பொம்பளைங்க கூட்டத்துல எனக்கென்ன வேலைன்னேன். பையைத் தூக்குத வேலைன்னா. சரின்னு கெளம்பினேன். ஊர்ல வெயில் வேற கொளுத்துது, ஓசூர் குளுகுளுன்னு இருக்கும்னு சொல்லுவாங்களே.

காலையில போயி எறங்கினோம். ஆட்டோக்காரங்கிட்ட அவதான் வழி சொன்னா. இடது, வலது, அந்த வேப்பமரத்துக்கிட்ட நிப்பாட்டுங்கன்னு, நம்ம தெருவுக்கு வழி சொல்லுத மாதிரி சொல்லுதா. கூட்டம் நடத்துதவங்க தெளிவா எழுதிப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். எறங்கிப் பாத்தா மண்டபத்தையும் காணல, கோயிலையும் காணல. ஒரு பேக்கரி. கண்ணாடி அலமாரி, வாசல்ல ஒரு பெஞ்சு. மேல போர்டைப் படிக்கேன். ஞானாபரணம் பேக்கரின்னு போட்டிருக்கு.

எங்க அப்பா எனக்கு வச்ச பேரு தம்பி அது. நம்ம பக்கமே இப்ப அந்தப் பேரு யாருக்கும் கெடையாது. கன்னடமும் தெலுங்கும் பேசுத ஊர்ல அது போர்டுல கெடக்கு. நான் லில்லிகிட்ட, யாரோ நம்ம பேருக்காரன் போலிருக்குன்னு சொன்னேன்.

"நம்ம பேருக்காரன்தான். உள்ள வாங்க," அப்படின்னா.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கால் ரெண்டும் தரையில ஒட்டிக்கிட்டு. அவன்தான் வரணும், அதுதான் வாக்குத்தத்தம், நான் எப்படிப் போறதுன்னு சொன்னேன். அவன் அங்கியோட வரட்டும், இல்ல வாசல் வரைக்குமாவது வரட்டும்னேன். லில்லி பையை எங்கையிலருந்து வாங்கினா. மூட்டு வலிக்குன்னு சொன்னவ, சாதாரணமாத் தூக்கிக்கிட்டா.

"இவ்வளவு நாளும் நான் உங்க பக்கத்துல நின்னேன். இன்னைக்கு நீங்க எங்கூட வாங்க. வரலன்னா, பஸ் ஸ்டாண்டுக்கு இதே ஆட்டோ போகும்."

சொல்லிட்டு திரும்பிப் பாக்காம உள்ள போயிட்டா. ஆட்டோக்காரன் என்னைப் பாக்கான். நான் போர்டைப் பாக்கேன். ஒரு பள்ளிக்கூடத்தையே லெஃப்ட் ரைட்னு நடத்தினவன் தம்பி நான், மூணு படி ஏறத் தெரியாம ரோட்டுல நிக்கேன். என் வாழ்க்கையில அவ்வளவு நேரம் அட்டென்ஷன்ல நின்னதில்ல. அந்த நேரத்துல உள்ளேருந்து ஒரு சின்னப் பிள்ளை ஓடி வருது. நாலு வயசு இருக்கும். மூக்கு அப்படியே எங்க அம்மா மூக்கு. வந்து என்னை மேலருந்து கீழ வரைக்கும் பாத்துச்சு.

"நீங்கதான் விசில் தாத்தாவா? வெயில்ல நிக்க வேணாமாம், ஆச்சி சொன்னாங்க."

சொல்லிட்டு என் விரலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டு. தம்பி, இதைக் கவனிங்க. அந்தப் பிள்ளை என்னை ஒரு நாளும் பாத்ததில்ல. விசில் தாத்தான்னு அதுக்கு யாரு சொல்லியிருப்பா? உள்ள போனா லில்லி மடியில தாவி ஏறி, ஆச்சி, எனக்கு என்ன கொண்டாந்தேன்னு பையைக் கிளறுது. மொத தடவை பாக்குத பாட்டிகிட்ட ஒரு பிள்ளை இப்படி ஒட்டுமா? ரத்தம் பேசுது. ஆவியானவருடைய செயல்னு எனக்கு அங்கயே உடம்பு சிலுத்துப் போச்சு.

அபிகாயில்னு பேரு. அபின்னு கூப்பிடுதாங்க.

பிறகு உள்ளறையிலருந்து அவன் வந்தான். கை ரெண்டும் முழங்கை வரைக்கும் மைதா. காதோரம் நரை விழுந்திருக்கு தம்பி. நான் அனுப்பும்போது மீசை சரியா மொளைக்கல. நான் ஒத்திகை பாத்து வச்சிருந்தேனே, பைபிள்ல அப்பன்கிட்டத் திரும்பி வந்த கெட்ட குமாரன் கதையில ஆரம்பிச்சு, பொருத்தனையை மீறினவங்களுக்கு என்ன நடந்துதுங்கறது வரைக்கும், அதுல மொத வார்த்தையைத் தேடுதேன், கெடைக்கல. அவன் கையைத் தொடைக்கத் துணி தேடினான், அதுவும் கெடைக்கல போலிருக்கு.

"அப்பா, சாப்பிட்டாச்சா?"

இல்லன்னேன். ஒன்பது வருஷத்துக்கு ரெண்டு பேரும் பேசினது அவ்வளவுதான். மருமவ ஹெப்சி எலை போட்டா. நான் சாப்பிட்டேன். அவன் எதுக்க உக்காந்து நான் சாப்பிடுததைப் பாத்துக்கிட்டே இருந்தான். பரிமாறுத பிள்ளைக்கு எனக்குப் புளி ஆகாதுங்கறதும் தெரிஞ்சிருக்கு, ரசத்தைத் தனியா வச்சிருக்கா. நல்ல இடத்துப் பிள்ளை.

சாயங்காலம் ஒரு பிஸ்கட்டைக் கடிச்சதும் எனக்குப் பிடிபட்டுட்டு. ஏலே சாமுவேல், பெண்கள் சங்கத்துத் தியானக் கூட்டத்துக்கு ரொட்டி உங்கடையிலருந்துதான் வாங்குதாங்களான்னு கேட்டேன். அவன் ஹெப்சியைப் பாத்தான், ஹெப்சி லில்லியைப் பாத்தா, மூணு பேரும் சிரிக்காங்க. ஆமாப்பா, ரொம்ப நாளா அவங்கதான் நம்ம கஸ்டமர்னான். என்னமோ வியாபார ரகசியம். நான் மேல கேக்கல.

மறுநாள் சாயங்காலம் பேச்சை எடுத்தேன். எடுக்காம இருக்க முடியுமா, பொருத்தனையாச்சே. அபி என் மடியில ஏறி உக்காந்து, என் சட்டைப் பையில கெடந்த பழைய விசிலை ஊதி ஊதிப் பாத்துட்டு அப்படியே தூங்கிட்டு. நான் சாமுவேல்கிட்ட, சரிடே, நடந்தது நடந்துட்டு, அடுத்த வருஷம் செமினரில திரும்பச் சேந்திரு, நான் போயிப் பேசுதேன், கடையை ஹெப்சி பாக்கட்டும்னேன். அவன் கோவப்படல. எதுக்க இருந்த பெஞ்சுல உக்காந்தான்.

"அப்பா, நான் போகமாட்டேன்பா. அன்னைக்கு உங்களுக்குப் பயந்துக்கிட்டே சொன்னேன். இன்னைக்குப் பயமில்லாமச் சொல்லுதேன். எனக்கு இதுதான். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிராதீங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு. எந்திரிச்சிரணும், பையை எடுத்திரணும், அதுதான் முறை. எந்திரிக்கப் போறேன், மடியில பிள்ளை. நான் எந்திரிச்சா அது முழிச்சிரும். வாயைத் திறந்து தூங்குது, எச்சில் என் சட்டையில வடியுது. அந்தத் தலையை எங்க எறக்கி வைக்க? லில்லி கதவுகிட்ட நிக்கா, வாங்கிக்கிடுவான்னு பாத்தேன், அவ கையை நீட்டல. நான் என்ன செய்ய? உக்காந்துட்டேன். அது முழிக்குதவரை உக்காந்திருந்தேன். அது முழிச்சப்ப எனக்கு என்ன கோவம்னு ஞாபகம் வரல.

ஞாயித்துக்கிழமை அவங்க கோயிலுக்குப் போனோம். சின்னக் கோயில், தமிழ் ஆராதனை. அன்னைக்குத் திருவிருந்து. திருவிருந்துன்னா, எல்லாரும் பலிபீடத்து முன்னால கம்பி ஓரம் வரிசையா முழங்கால் போடுவோம், ஐயர் அப்பத்தை, அதாவது ரொட்டியை, துண்டு துண்டாக் கையில கொடுப்பாரு. எங்களுக்கு அதை விடப் பெருசு ஒண்ணும் கெடையாது. நான் முழங்கால் போட்டேன். என் வலப்பக்கம் சாமுவேல்.  இவன் நிக்க வேண்டிய இடம் கம்பிக்கு அந்தப் பக்கம். வெள்ளை அங்கியில நின்னு அப்பம் கொடுக்க வேண்டியவன், என் பக்கத்துல சாதாரணச் சட்டையில கையை நீட்டிக்கிட்டு இருக்கான். ஐயர் வந்து என் கையில ஒரு துண்டு வச்சாரு. வாயில போட்டேன். போட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. இந்த ருசியை எனக்குத் தெரியாதா? அன்னைக்கு விடியக்காலையில இவன் எந்திரிச்சு அடுப்பு பத்த வச்ச சத்தம் கேட்டுது. எதுக்குன்னு அப்ப விளங்கல.

அந்தக் கோயிலுக்கு ஏழு வருஷமா இவன்தான் அப்பம் சுட்டுக் கொடுக்கான். அங்க நெறயப் பேருக்கு அது யாரு சுட்டதுன்னு கூடத் தெரியாதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. முழங்கால்ல நின்னுக்கிட்டு, திருவிருந்துல, மொத பெஞ்சு ஞானாபரணம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கேன். அழுகையும் கூடவே வருது. சாமுவேல் பயந்துபோயி தோளைப் பிடிக்கான். ஒண்ணுமில்லடேன்னு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். மைதா வாசம் அந்தக் கையில. எத்தனை தடவை கழுவினாலும் போகாதுபோல.

கோயிலை விட்டு வெளிய வந்து லில்லிகிட்டச் சொன்னேன். பாத்தியா, கர்த்தர் என் பொருத்தனையை மறக்கல, நான் முழு ஆளையும் எடுத்துக்கிடும்னு கேட்டேன், அவரு கையை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை நமக்கே விட்டுட்டாருன்னேன். நல்லாத்தான் சொன்னேன், என்ன சொல்லுதிய? அவ சிரிச்சுக்கிட்டே நடந்தா. கொஞ்ச தூரம் போயிச் சொன்னா:

"நேந்துக்கிட்டவரு நீங்க. பெத்தவ நான். அன்னைக்கே எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். ஆனா அவ உள்ள வலியில கெடந்தா, எப்படிக் கேக்க? பிறகு கேட்டிருக்கலாம்னா, பிறகு பொருத்தனை முடிஞ்சு போச்சே. இதைத்தான் நான் யோசிச்சுக்கிட்டே வாரேன், சேலத்துலருந்து.

இருந்தாலும் சந்தோஷம் தம்பி. ரொம்பச் சந்தோஷம். ரெண்டு வாரம் அங்க இருந்தோம். கடைக்கு வாற தெருப் பிள்ளைகளை வரிசையில நிக்க வச்சேன், இப்ப வரிசையிலதான் பன்னு வாங்குது. கிறிஸ்மஸுக்கு எல்லாரும் ஊருக்கு வாராங்க. ஏணி ஆடுது, அதைச் சரி பண்ணணும். திரும்பத் தருவேன்னு சொன்னாரு, தந்துட்டாரு. நான் கேட்ட மாதிரி தரல, அது வேற. வெட்டுக்கிளி தின்ன வயல்ல போன வருஷத்துப் பயிரே திரும்ப மொளைக்குமா? புதுசாத்தான் மொளைக்கும்.

என்ன தம்பி கேக்கிய? வீட்டம்மா இதுக்கு முன்னால ஓசூருக்கு வந்திருக்காங்களான்னா? அவ எப்படி வந்திருப்பா, அவ தியானக் கூட்டத்துக்குல்லா போனா, பெங்களூர்ப் பக்கம். அவங்க சங்கத்துலருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை...

சரி, இருங்க. வண்டி நிக்கி. டீக்கடை போலிருக்கு.

அவ முழிச்சுட்டா, பாருங்க, கண்ணாடியைத் தொடைக்கா. நீங்க இந்தச் சீட்டைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. நான் போயி அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு வாரேன். இவ்வளவு வருஷமும் அவதான் எனக்குக் கொண்டாந்து தருவா. அவ சர்க்கரை போட்டுக் குடிப்பாளா, போடாமக் குடிப்பாளான்னு கூட எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க.

கேட்டுக்கிடுதேன். கேட்டா சொல்லுவா.